ஒன்றும் நினைவில் வைத்துக்கொள்ளாத கம்ப்யூட்டர்

எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். லேப்டாப் எப்போது வாங்கியது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எந்த மூலையில் விழுந்து விரிசல் விட்டது, எல்லாம் சொல்கிறேன். எதற்கு என்பது மட்டும் வேண்டாம். போன இடத்தில் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்கச் சொல்லி இவர்களுக்கு யாராவது சொல்லிவைத்திருக்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

இவன் என் பையன், மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒயர் எதையும் இழுக்க மாட்டான், பயப்படாதீர்கள். ஜெரி, ஆன்ட்டிக்கு குட் ஆஃப்டர்நூன் சொல்லு. ஜெரி... கூச்சம். புது ஆளைக் கண்டால் கூச்சம்.

உங்கள் கழுத்து அட்டையில் ‘தன்னார்வலர்’ என்று மட்டும் போட்டிருக்கிறதே, பெயரைக் காணோமே? சபூராவா? சரி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சபூரா அக்கா, இதற்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா? கிடையாதா? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில், நூலக மாடிக்கு வந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியின் லேப்டாப்பில் ஓசிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதோ அந்த வரிசையில் இருக்கிற எல்லாரும், மேடையில் மைக் கட்டுகிறவரும் அப்படித்தானா? எனக்கு எங்கேயோ இடிக்கிறது. சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது.

நான் படித்தது கான்வென்ட்டில். எங்கள் சிஸ்டர் வாரம் ஒரு தடவை அசெம்பிளியில் சொல்வார், கேட்டுக்கு வெளியே நின்று சாக்லேட் நீட்டுகிறவன் சாக்லேட்டுக்காக நீட்டவில்லை என்று. அது என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு புடவைக் கடையில் ஓசியாகக் கொடுத்த பையைக்கூட நான் உதறிப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு நாள் இந்த லேப்டாப்பில் ஒன்று தேடினேன். குழந்தைகள் எத்தனை வயதுக்குள் பேச வேண்டும் என்று. எனக்காக இல்லை, ஒரு சிநேகிதிக்காக. அவளுடைய பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவளுக்குத் தேடத் தெரியாது, அதனால் நான் தேடினேன். அவ்வளவுதான். ஒரே தடவை. சரி, இரண்டு மூன்று தடவை இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து பின்னாலேயே வந்தது, அக்கா. மீன் வறுவல் வீடியோ பார்த்தால் நடுவில் ஒரு பெண் வந்து நின்று, ‘உங்கள் குழந்தை இன்னும் பேசவில்லையா?’ என்று கேட்கிறாள். புடவை பார்த்தால் ஓரத்தில் அதே பெண். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. கையால் அடித்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?

அதுவாவது என்னோடு நின்றிருக்கலாம். எங்கள் அத்தை இருக்கிறார்களே, என் மாமியார், அவர்கள் போனில் பார்ப்பது மாதா பாட்டும் பூசையும்தான். ஒரு நாள் காபி டம்ளரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏளா, இங்க வா. இது என்ன, பேசாத பிள்ளைகளுக்குப் பயிற்சியாம், என் போன்ல வந்து நிக்கி. எனக்கு எதுக்கு இது?”

“எனக்குத் தெரியலையே அத்தை. விளம்பரம்தான, எல்லாருக்கும் வரும்.”

“எல்லாருக்கும் வருமா? நம்ம வீட்ல யாரு பேசாம கெடக்கா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஜெரியைப் பார்த்தார்கள். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த வாரமே அத்தான் கப்பலிலிருந்து பேசினார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர், கப்பலில் இன்ஜினியர். நெட் கிடைக்கிறபோதுதான் பேசுவார். “என் போன்ல என்னென்னவோ பிள்ளைங்க விளம்பரமா வருதே, நீ என்னத்தப் பார்க்க?” என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடுக்கடலில் இருக்கிற மனுஷனுக்கு என் சமையலறை தெரிகிறது பாருங்கள்! லேப்டாப்பைத் திறந்து கொடுத்தது அவர்தான். அவருடைய மெயில் ஐடியில்தான் அது விழித்துக்கொள்ளும். அன்றைக்கே முடிவு செய்தேன், இது என் லேப்டாப் இல்லை, வீட்டுக்குள் உட்காரவைத்திருக்கிற ஆள் என்று. காமிராமேல் ஒட்டியிருக்கிறேனே, அது ஜெரிக்கு ஊசி போட்டபோது ஒட்டிய பிளாஸ்திரி. அதைப் பிய்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். ஜூனில் எல்.கே.ஜி. நான் படித்த அதே கான்வென்ட். இன்டர்வியூவில் பிள்ளையை முன்னால் நிறுத்தி ‘வாட் இஸ் யுவர் நேம்?’ என்று கேட்பார்கள். அதற்குள் வந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வருமாம், அத்தானே நாலு வயதில்தான் பேசினாராம். அத்தைதான் சொன்னார்கள். ஆனால் அதற்குள் ஒருத்தர் வாயில் ஒரு சொல் விழுந்துவிட்டது என்று வையுங்கள், போயிற்று. அந்தச் சொல்லைப் பிள்ளையின் முதுகில் எழுதி ஒட்டிவிடுவார்கள். அந்த வீட்டுப் பையன், அந்தப் பேசாத பையன் என்று. அப்புறம் அவன் ஊரைக் கூட்டிப் பேசினாலும் அந்தச் சீட்டு உரியாது. அதனால் அவளுக்கு... என் சிநேகிதிக்குப் பயம். நியாயம்தானே?

ஆமாம். ஜெரிக்கும் ஜூனில்தான் எல்.கே.ஜி. ஒரே வயது இரண்டு பேரும்.

இவனுக்கு அப்படியெல்லாம் இல்லை. இவனுக்கு எல்லாம் புரியும். நான் பேசினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், கண்ணை எடுக்க மாட்டான், அப்படி ஒரு பாசம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் கோபம் வந்துவிடும், தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவான். வாஷிங் மெஷின் போட்டால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தை வைத்து நிற்பான். எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா இந்த மாதிரிப் பிள்ளையை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ரிப்பேர் கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை, “எதுக்கு மேடம் யூஸ் பண்றீங்க? டைப்பிங்கா, டிசைனிங்கா, கேமா?” என்கிறார்.

“சும்மா” என்றேன்.

“சும்மாவுக்கு எதுக்கு மேடம் புது சிஸ்டம்? இதுவே சும்மாவுக்கு நல்லாத்தான ஓடுது. பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்குப் பார்க்கேன்.”

பாஸ்வேர்டையாம்! எழுதியாம்! லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அப்புறம் பியூலா. என்னோடு கான்வென்ட்டில் படித்தவள், இப்போது பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறாள். அவளிடம் பொதுவாகத்தான் கேட்டேன், கம்ப்யூட்டர் வேவு பார்க்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று. “விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுடி. ஓப்பன் சோர்ஸ். காசே கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பார்த்துக்கலாம்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றால், இப்போது பார்க்கிறவர்கள் போதாது என்று ஊரையே கூப்பிட்டு உட்காரவைப்பதா? அவள் ஏதோ விளக்கினாள், அதற்குள் அவளும் கேட்டுவிட்டாள், “ஆமா, உனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்று. அடுப்பில் பால் என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு நானே இறங்கினேன். எந்த லினக்ஸ் நல்லது என்று பார்த்தால் ஒன்றா இரண்டா! ஒன்றுக்குப் பெயர் மின்ட். கம்ப்யூட்டருக்குப் போய் யாராவது புதினா என்று பெயர் வைப்பார்களா? இன்னொன்று உபுண்டு. அதற்கு மனிதநேயம் என்று அர்த்தமாம். அன்பு, கருணை, மனிதநேயம் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் நம்புவதே இல்லை, ஓடிப்போகிற சீட்டுக் கம்பெனி எல்லாம் அப்படித்தான் பெயர் வைக்கிறது. டெபியன், ஃபெடோரா, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

இணையத்தில் ஒரு மன்றத்தில் போய்க் கேட்டேன், என் பெயரில் இல்லை, தாமரைச்செல்வி என்ற பெயரில். ‘நான் புதியவள், எனக்கு எது நல்லது?’ ஒரே வரி. அதில் என்ன அக்கா இருக்கிறது? ஒருவர் மின்ட் என்றார். இன்னொருவர் வந்து, மின்ட் சொல்கிறவனுக்கு விவரமே தெரியாது என்றார். மூன்றாவது ஆள் இருவரையும் பார்த்து, நீங்கள் எல்லாம் நேற்று முளைத்தவர்கள் என்றார். ஒரு கல்யாண வீட்டுச் சண்டையே நடந்து முடிந்தது, என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு நல்ல மனுஷன் வந்து சண்டையை நிறுத்தினார். நிறுத்திவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? ‘தாமரைச்செல்வி, முதலில் இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.’ நான் அந்தப் பக்கமே பிறகு போகவில்லை.

சரி, எல்லாரும் சொல்கிற உபுண்டுவையே எடுப்போம் என்று அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது இறக்கினேன். பெரிய ஃபைல். பென்டிரைவில் இழுத்துப் போட்டேன். சொருகி, அணைத்து, போட்டேன். பழையதுதான் வந்தது, அத்தானின் படத்தோடு. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது மாதிரிக் காட்டிக்கொண்டு உள்ளே ஏதோ செய்கிறது என்று நினைத்து, அந்தப் பென்டிரைவை அரிசிப் பானையில் போட்டுவிட்டேன்.

என்ன? அப்படியே இழுத்துப் போடக்கூடாதா? அதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வைத்து எழுத வேண்டுமா? அதை யார் சொன்னார்கள் எனக்கு? நான் வாரக்கணக்காக அரிசி எடுக்கும்போதெல்லாம் பயந்துகொண்டே எடுத்தேன்.

சிரிக்காதீர்கள் அக்கா. சரி, கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருவதற்கு வீட்டில் என்ன சொன்னேன் என்றால், ஜெரிக்குப் படப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போகிறேன் என்றேன். நூலகம்தானே இது, பொய் இல்லை. லேப்டாப் பையின் மேல் இவனுடைய மாற்று உடுப்பை வைத்துக் கொண்டுவந்தேன்.

சரி, நீங்கள் காட்டுங்கள், நான் பார்க்கிறேன். முதலில் அந்தத் திறந்து பார்க்கிற விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். ...ம். ...ஓட்டல் அடுப்படி மாதிரியா? எப்படிச் சமைக்கிறார்கள், எந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க முடியாது. அப்படியா? இதை ஏன் பியூலா சொல்லவில்லை? இவ்வளவு படித்தவள். சரி, அடுப்படி திறந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சமையல் தெரியாதே. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள், அவர்களை நான் நம்ப வேண்டும். கடைசியில் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும் என்கிறீர்கள். அதைத்தான் நான் வேண்டாம் என்று வந்தேன்.

இதுவா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது. இன்னும் உள்ளே பதியவே இல்லையா? பென்டிரைவிலிருந்து ஓடுகிறதா? அப்படியென்றால் அத்தானுடையது?... அது பாட்டுக்கு அடியில் தூங்குகிறது. இதில் நான் என்ன செய்தாலும், அணைத்துப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால்? ஒன்றுமே இருக்காதா? எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதா?

அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்கள். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதா?

எனக்கு இதுவே போதும். பதிய வேண்டாம், இப்படியே கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் எதையும் மறக்க மாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபியில் சீனி குறைவு என்பதுகூட இன்றைக்கும் அத்தைக்கு நினைவிருக்கிறது. மறந்துபோகிற ஒன்று அந்த வீட்டுக்குள் இருக்கட்டும். இதில் உட்கார்ந்து தேடினால் அந்த விளம்பரக்காரிக்குத் தெரியாது இல்லையா?

ஏன் யோசிக்கிறீர்கள்?

...என்ன சொல்கிறீர்கள்? கம்ப்யூட்டர் மறந்துவிடும், சரி. தேடுகிற இடத்துக்குத் தெரியுமா? வீட்டு வைஃபையை வைத்துத் தெரிந்துகொள்வார்களா? அப்படியென்றால் இதைப் போட்டாலும்... முழுக்க இல்லை, குறையும் என்கிறீர்கள். குறையும்! அக்கா, பிப்ரவரியிலிருந்து நான் இதைப் பற்றி எதையும் தேடவில்லை. ஒரு வார்த்தைகூட. யாரிடமும் கேட்கவில்லை. டாக்டரிடம்கூட, சளிக்குக் கூட்டிப்போனபோதுகூட, அத்தை பக்கத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை. முதலில் நல்ல சிஸ்டம் ஒன்று போட்டுவிடுவோம், அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிடுவோம் என்று அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இப்போது குறையும் என்கிறீர்கள்.

ஆமாம், என் பிள்ளைதான். சிநேகிதி என்று யாரும் இல்லை. அது உங்களுக்கு அப்போதே தெரியும், தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்திருக்கவே கூடாது. ஜெரி, வா, போகலாம். ஜெரி. ஜெரி! எழுந்திரு, அம்மா கூப்பிடுறேன் பாரு.

விளையாட்டில் இருந்தால் இப்படித்தான். உறுமிக்கொண்டிருக்கிற அந்த யூ.பி.எஸ். பெட்டியில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான்.

வயது மூன்று முடியப்போகிறது. ஏன் கேட்கிறீர்கள்?

நீங்கள் ஏன் கூப்பிட்டுப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு அவன் பெயர் எதற்கு? பின்னால் போய் நின்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளை திரும்பும்? முன்னால் வந்து கூப்பிடுங்கள், சிரிப்பான். நீங்கள் கம்ப்யூட்டர் போட வந்தவரா, பிள்ளையைச் சோதிக்க வந்தவரா? அவனுக்கு நன்றாகக் காது கேட்கும் அக்கா. குக்கரைத் தரையில் தங்கென்று வைத்தால் சட்டென்று திரும்புவான். கதவை ஓங்கி அடித்தால்...

அய்யோ! யாரது, அந்த மைக்கை அணையுங்கள்! அம்மா... காதே கிழிந்துவிட்டது. என்ன அலறல் இது. பாருங்கள், மேடையில் பேச வந்தவரே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அந்தக் கைக்குழந்தை எப்படி வீறிடுகிறது பாருங்கள், பாவம், தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொல்லுங்கள்.

ஜெரி.

ஏன் நீங்கள் என்னைப் பார்க்காமல் அவனையே பார்க்கிறீர்கள்?

அவனும் பொத்தியிருக்கிறான் பாருங்கள். இரண்டு கையாலும் பொத்தியிருக்கிறான். கேட்டிருக்கிறது, பார்த்தீர்களா, கேட்காமலா...

இல்லை. நானும் பார்த்தேன். முதலில் அவன் அந்தப் பெட்டிமேல்தான் படுத்திருந்தான். மைக் அலறுகிறபோதும் படுத்தேதான் இருந்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கையைத் தூக்கினான். சிரிக்கிறான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறான். சத்தம் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று, இன்னும் எடுக்கவில்லை.

நான் கையை எடுத்தால் அவனும் எடுப்பான்.

...எடுத்துவிட்டான்.

நான் பேச்சு, பேச்சு என்று ஒன்றையே அடித்துத் தேடியிருக்கிறேன் அக்கா.

வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அது கிடக்கட்டும், எதை வேண்டுமானாலும் போடுங்கள். உபுண்டுவோ மின்டோ, உங்கள் கைக்கு எது வருகிறதோ அது. இப்போது எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். அந்த மைக்காரரிடம் போய்ச் சொல்லி, இன்னொரு தடவை அதை அப்படி அலறவிடச் சொல்ல முடியுமா? எல்லாரும் திட்டுவார்கள், திட்டட்டும், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், என் பெயரையே சொல்லுங்கள், ஷார்லட் என்று. ஒரே ஒரு தடவை. நான் இங்கேயே, இவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தடவை நான் காதைப் பொத்த மாட்டேன்.